வீட்டுக்கடன் தையில் 11.5 லட்சம், ஆனியில் 24.8 லட்சம்: ஒரே ஆள், ஒரே வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் சொந்த வீடு வாங்குவோருக்கு யோசனை சொல்லி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் என்று ஒன்று விடாமல் சொல்லியிருந்தார்கள். ஆனால் 'மாதத் தவணை சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் பாருங்கள், அந்த இடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எந்தச் சம்பளத்தில் பாதி? எங்களைப் போன்ற ஆட்களுக்கு மாதாமாதம் சம்பளம் வேறு வேறாகத்தானே வருகிறது. கொங்கு நாட்டில் இப்படி எத்தனை பேர் இருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். திருப்பூரில் நூல் புரோக்கர், ஈரோட்டில் மஞ்சள் மண்டியிலும் ஜவுளியிலும் கமிஷனுக்கு ஓடுகிறவர்கள், இன்சூரன்ஸ் ஏஜென்ட், டூவீலர் ஷோரூம் பையன்கள், அப்புறம் என்னைப் போல பம்ப்செட் விற்கிறவர்கள். அந்தக் கட்டுரையில் எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் என் கதையை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் எல்லாம் என் லைன். நிலையான சம்பளம் மாதம் 22,000 ரூபாய், மீதி கமிஷன். சப்மெர்சிபிள் மோட்டார் எப்போது ஓடும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் கிணறு அடியைக் காட்டும், போர்வெல்லில் இன்னும் நாலு பைப் இறக்க வேண்டி வரும், பழைய மோட்டார் இழுக்காது, அப்போதுதான் டீலர் கடையில் கூட்டம். ஆனால் மோட்டார் விற்றவுடன் கமிஷன் வராது. டீலரிடமிருந்து பணம் வசூலாகி கம்பெனி கணக்கில் ஏறினால்தான் எங்களுக்கு வரும். ஆக மாசியில் விற்றதற்குச் சித்திரையிலோ வைகாசியிலோதான் கையில் காசு. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் மோட்டாரை யார் கேட்கப் போகிறார்கள்? தீபாவளி செலவுக்கு மனைவியிடம் கடன் வாங்கிய வருஷமும் உண்டு.

எண்ணாகவே சொல்லிவிடுகிறேன். நான் லோனுக்குப் போவதற்கு முந்தைய வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை எனக்கு வந்த கமிஷன் மொத்தம் 3,36,000. மாதத்துக்குச் சராசரி 28,000. சம்பளத்தோடு சேர்த்தால் 50,000 ரூபாய். இதில் ஒரு ரூபாய்கூட ரொக்கமாகக் கையில் வாங்கியதில்லை. எல்லாம் சம்பள ஸ்லிப்பில் ஏறி, ஃபார்ம் 16இல் (வருஷச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டிக் கம்பெனி கொடுக்கும் சான்று) வந்து, வருமான வரிக் கணக்கிலும் காட்டியது. ஆனால் அதே வருஷத்தில் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் சேர்ந்து 1,65,000, அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் சேர்ந்து வெறும் 27,000. இந்த இரண்டு எண்ணையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சூலூர் பக்கம் ஒரு வீடு படிந்தது. 30 லட்சம். கையில் சீட்டு எடுத்தது, அப்பா கொடுத்தது எல்லாம் சேர்த்து 8 லட்சம் இருந்தது, அது போகப் பத்திரச் செலவுக்குத் தனியாக வைத்திருந்தேன் (முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 30 லட்சத்துக்கு 2,70,000. இதைக் கணக்கில் எடுக்காமல் வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் எத்தனையோ பேர்). 22 லட்சம் கடன் வேண்டும். 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான் கேட்டது 73 சதவீதம்தான். சரி, பிரச்சினை இருக்காது என்று ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டாயிற்று.

தை மாதம் பொங்கல் முடிந்து ஒரு வங்கிக்குப் போனேன். பெயர் வேண்டாம். லாகின் ஃபீஸ் (மனுவை எடுத்துக்கொள்ள வாங்கும் கட்டணம்) 5,000, ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 5,900 முதலில் வாங்கிக்கொண்டார்கள். வக்கீல் லீகல் பார்த்ததற்கும், இன்ஜினியர் வந்து வீட்டை மதிப்புப் போட்டதற்கும் தனித்தனியாக வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு 'உங்க எலிஜிபிலிட்டி பதினொன்றரை லட்சம்தானுங்க' என்றார்கள், அதாவது அவ்வளவுதான் கடன் கிடைக்குமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எப்படி இந்த எண் வந்தது என்று அந்தத் தம்பி பேனாவை எடுத்து என் ஃபைலின் அட்டையிலேயே எழுதிக் காட்டினான், அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். கடைசி மூன்று மாத ஸ்லிப், அதாவது அக்டோபர், நவம்பர், டிசம்பர். மூன்றுக்கும் கமிஷன் 27,000, சராசரி 9,000. கமிஷன் நிலையில்லாதது, அதனால் பாதிதான் எடுப்பார்கள், 4,500. சம்பளம் 22,000 சேர்த்தால் 26,500. அதில் பாதி 13,250 வரைக்கும்தான் தவணை போகலாம். ஏற்கெனவே பைக் லோன் தவணை 3,200 ஓடுகிறது, அதைக் கழித்தால் 10,050. எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் கட்ட வேண்டும். 10,050ஐ 868ஆல் வகுத்துப் பாருங்கள். அவ்வளவுதான், என் வருஷம் முழுக்க அலைந்த அலைச்சல் நாலு வரிக் கணக்கில் முடிந்துவிட்டது.

'தம்பி, ஒரு வருஷ ஸ்டேட்மென்ட் இருக்குது, இரண்டு வருஷ ஃபார்ம் 16 இருக்குது, அதையெல்லாம் பார்க்க மாட்டீங்களா?' என்றேன். 'சிஸ்டத்துல மூணு மாசம்தானுங்க எடுக்கும்' என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

விஷயத்தை வீட்டை விற்கிறவரிடம் போய்ச் சொன்னேன். காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கவும் தயார்தான், அப்படி ஒரு நல்ல மனுஷன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: 'ஏனுங்க தம்பி, பங்குனி மாசத்துல கெணத்த எட்டிப் பாத்துட்டு, வருசம் பூரா இவ்வளவுதான் தண்ணின்னு எவனாச்சும் எழுதுவானுங்களா?' அக்ரிமென்டை ஆனி கடைசி வரைக்கும் நீட்டிக் கொடுத்தார். ஆடியில் பத்திரம் வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்தது நான் செய்த முட்டாள்தனம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லோன் ஏஜென்டைப் பிடித்தேன். அவர் என் பேப்பரை ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் போட்டுவிட்டார். ஒவ்வொரு இடமும் சிபிலில் (நம் கடன் வரலாற்றுக்கு ஸ்கோர் போடும் கம்பெனி) ஒரு முறை எட்டிப் பார்க்கும், அது பதிவாகும், அடுத்து பார்க்கிறவன் 'இவன் ஏன் ஊர் பூரா கடன் கேட்கிறான்' என்று நினைப்பான். 761 இருந்த என் ஸ்கோர் 738 ஆயிற்று. சிபில் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, இந்த மாதிரி ரிப்போர்ட் கொடுக்கும் கம்பெனிகள் நாலு இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகவே எடுக்கலாம், நாம் எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒரு நாள் டீக்கடையில் அந்த ஏஜென்டிடம் 'உங்களுக்கு எந்த வங்கியில் வீட்டு லோன் இருக்குது?' என்று சும்மா கேட்டேன். சிரித்தார். 'எனக்கு யாருங்க கொடுக்கறா? நானும் கமிஷன்தானுங்களே.'

முதல் வங்கியில் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றேன். ஏன் கொடுக்க முடியாது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். எவ்வளவு தொகைக்கான கடனாக இருந்தாலும் மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கும் நியாய நடைமுறை. இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதால் கேட்டவுடன் கவுன்டரில் முகம் மாறுகிறது. இரண்டு வாரம் நடந்த பிறகு ஒரு வரியில் கடிதம் வந்தது: கேட்ட தொகைக்கு வருமானம் போதவில்லை. எந்த மூன்று மாதம், எத்தனை சதவீதம் எடுத்தார்கள் என்று ஒன்றும் இல்லை. ஃபைல் அட்டையில் அந்தத் தம்பி கிறுக்கியதுதான் எனக்குக் கிடைத்த உண்மையான விளக்கம்.

வைகாசியில் இரண்டாவது வங்கிக்குப் போகும்போது முதல் கேள்வியே ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் கேட்டேன்: கமிஷனை எத்தனை மாதச் சராசரி எடுப்பீர்கள், அதில் எத்தனை சதவீதம்? அங்கே இருந்த மேனேஜர் அம்மா கொஞ்சம் வயதானவர், நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். இரண்டு வருஷ ஃபார்ம் 16, இரண்டு வருஷ வரிக்கணக்கு, 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், கமிஷன் எந்த அடிப்படையில் வருகிறது என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். இதெல்லாம் இருந்தால் 24 மாதச் சராசரியில் 75 சதவீதம் எடுப்போம் என்றார். எனக்கு முதல் வருஷச் சராசரி 24,000, அடுத்த வருஷம் 28,000, இரண்டுக்கும் நடுவில் 26,000. அதில் முக்கால் பங்கு 19,500. சம்பளத்தோடு 41,500, பாதி 20,750.

அதிலும் பைக் தவணை 3,200 கழிந்தால் 17,550, கடன் 20 லட்சத்துச் சொச்சம்தான் வரும், இன்னும் இரண்டு லட்சம் இடிக்கும். அந்த அம்மாதான் கேட்டார், 'பைக் லோன் எவ்வளவுங்க பாக்கி?' 28,000. 'அதை முடிச்சிட்டு, பாக்கி இல்லைன்னு என்ஓசி கொண்டாங்க.' அன்று சாயங்காலமே மனைவி வளையலை வைத்து பைக் லோனை முடித்தோம், அடுத்த மாதம் கமிஷன் வந்தவுடன் வளையலைத் திருப்பியாயிற்று. 28,000 ரூபாய் கட்டியதில் வீட்டுக்கடன் தகுதி கிட்டத்தட்ட மூன்றே முக்கால் லட்சம் ஏறியது. இதை யாராவது எனக்குத் தையிலேயே சொல்லியிருக்கலாம். 22 லட்சம் கிடைத்தது, ஆனி கடைசி வாரத்தில் கிரயம் முடிந்தது.

இப்போது அந்த ஞாபகம் வைக்கச் சொன்ன எண்ணுக்கு வருகிறேன். முதல் வங்கியின் அதே கணக்கை, அதே வருஷத்து ஏப்ரல், மே, ஜூன் ஸ்லிப்பை வைத்து ஒரு நாள் ராத்திரி போட்டுப் பார்த்தேன். 1,65,000, சராசரி 55,000, பாதி 27,500, சம்பளத்தோடு 49,500, அதில் பாதி 24,750, பைக் கழித்தால் 21,550. கடன் 24.8 லட்சம் வருகிறது! அதே ஆள், அதே கம்பெனி, அதே வங்கி, அதே விதி. தையில் போனால் 11.5, ஆனியில் போயிருந்தால் 24.8. பாதிதான் எடுக்கிறோம், ஜாக்கிரதையாக இருக்கிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கெட்டிக்கார ஏஜென்ட் ஒருவன் சீசன் பார்த்து ஃபைல் போட்டால் வங்கிக்கே தெரியாமல் அதிகம் வாங்கிக் கொடுத்துவிடுவான். ஜாக்கிரதை என்றால் வருஷம் முழுதும் பார்ப்பதுதானே ஜாக்கிரதை?

வங்கிகள் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் ஊரடங்கு வந்தது எங்கள் சீசனில்தான். டீலர் கடைகள் பூட்டிக் கிடந்தன, ஏப்ரல், மே இரண்டு மாதமும் வசூல் இல்லை, எனக்குக் கமிஷன் சுத்தமாக இல்லை. அன்று வீட்டுத் தவணை இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ. என் மனைவி வீடு பார்க்கும்போதே ஒன்று சொன்னாள்: 'வைகாசிச் சம்பளத்தப் பாத்து வூட்ட வாங்கிப்போட்டு, மார்கழிச் சம்பளத்துல தவணை கட்டோணும், அத மனசுல வச்சுக்குங்க.' எந்த வங்கியும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. 22 லட்சத்துக்கு மாதம் 19,000 சொச்சம் தவணை, நிலையான சம்பளமே 22,000தான். அதனால் சீசனில் வரும் கமிஷனை எடுத்து ஆறு மாதத் தவணைக்குத் தனி அக்கவுன்டில் போட்டு வைத்திருக்கிறோம், அதைத் தொடுவதில்லை. அதற்கு மேல் மிச்சம் இருந்தால் அசலில் கட்டிவிடுகிறேன், மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது, தைரியமாகக் கட்டலாம். 50 சதவீதம் எடுத்தாலும் சரி, 75 எடுத்தாலும் சரி, எனக்கு அதில் சண்டை இல்லை. மூன்று மாதத்தில்தான் சண்டை.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் என் மச்சான் ஒருவர் நூல் புரோக்கர், நிலையான சம்பளமே கிடையாது, முழுக்கக் கமிஷன். மில்காரர்கள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் கொடுக்கிறார்கள், கமிஷனுக்கான 194ஹெச் பிரிவில் முன்பு 5 சதவீதம், 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். ஆனால் பாதிப் பணம் கவரில் வாங்குவார், வரிக்கணக்கில் வரி வராத அளவுக்கு மட்டும் காட்டுவார். லோனுக்குப் போனபோது காட்டிய வருமானத்துக்குத்தான் கொடுப்பார்கள் என்றவுடன் கோபம். எப்படிக் கொடுப்பார்கள்? வருஷம் 12 லட்சம் வரை புதிய முறையில் வரி இல்லை என்று 2025-26 நிதியாண்டு முதல் வந்த பிறகும் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டால் 'பழக்கம்' என்கிறார். இன்னொன்று, அவருக்குக் கணக்கு எழுதுகிறவர் சுலபம் என்று சுகம் எனப்படும் ஐடிஆர்-4 வரிக்கணக்குப் படிவத்தில் போட்டிருக்கிறார். கமிஷன், புரோக்கரேஜ் வருமானத்துக்கு 44ஏடி பிரிவின் உத்தேச வருமான முறை (வரவில் ஒரு பங்கை லாபம் என்று வைத்துக்கொள்வது) பொருந்தாது, ஐடிஆர்-3தான் போட வேண்டும். யார் எவ்வளவு டிடிஎஸ் பிடித்தார்கள் என்று வரித்துறை காட்டும் 26ஏஎஸ்-ஐ எடுத்துப் பார்த்தால் அதில் கமிஷன் என்று 194ஹெச் தெளிவாக நிற்கிறது, வரிக்கணக்கில் வேறு கதை இருக்கிறது, வங்கி ஆள் சும்மா இருப்பாரா. இரண்டு வருஷக் கணக்கைச் சரியாகக் காட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது வங்கியின் தப்பில்லை. என் லைனிலேயே டீலர் கையில் தரும் கவரை வருமானம் என்று நம்பி வீடு பார்க்கிற பையன்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். கமிஷனைப் 'பெட்ரோல் பேட்டா' என்று போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் இருந்தால் ஏப்ரலிலேயே அக்கவுன்டன்டைப் பிடித்து இன்சென்டிவ் என்று ஸ்லிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், பேட்டாவைச் செலவுக் காசு என்று வங்கி கழித்துவிடும்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கமிஷனை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் கொள்கைப்படி வைத்துக்கொள்கிறது, வைத்துக்கொள்ளட்டும். 2024 அக்டோபர் 1 முதல் கடன் வாங்குகிறவர்களுக்கு வட்டி, கட்டணம் எல்லாம் அடக்கிய முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது, நல்லது. ஆனால் அது கடன் கொடுக்கத் தீர்மானித்த பிறகு வருகிறது. லாகின் ஃபீஸ் 5,900 வாங்குவதற்கு முன்னால், 'கமிஷன் வருமானம் என்றால் இத்தனை மாதச் சராசரி, இத்தனை சதவீதம், இன்னின்ன பேப்பர்' என்று ஒரு தாளில் அச்சடித்துக் கவுன்டரில் வைக்க என்ன கஷ்டம்? வைத்தால் அந்தத் தையில் நான் வாசலிலேயே திரும்பியிருப்பேன். ஃபீஸும் மிச்சம், லீகலுக்கும் மதிப்புக்கும் கொடுத்த காசும் மிச்சம், அவர்களுக்கும் மூன்று வாரம் மிச்சம். உங்கள் பத்திரிகை இதை வங்கிக்காரர்களிடம் கேட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு கிளைகளில் எந்தெந்த வங்கி கமிஷனை எப்படி எடுக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டால், பட்டா, வில்லங்கம் பற்றி எழுதிய அந்தக் கட்டுரையைவிட அதைத்தான் எங்கள் ஆட்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

அந்த லோன் ஏஜென்ட் போன வாரம் ஃபோன் செய்தார். எந்தக் கிளை, அந்த மேனேஜர் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, மாற்றலாகிப் போய்விட்டாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். இரண்டு வருஷ வரிக்கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வருஷம்தான் இருக்குது, இந்த ஜூலையில் போட்டால் இரண்டாகிவிடும் என்றார். அப்போ ஆடி கழித்துப் போங்கள் என்றேன்.

இப்படிக்கு,
பம்ப்செட் விற்பனைப் பிரதிநிதி ஒருவர், சூலூர்
(பெயர் வெளியிட வேண்டாம், கம்பெனியில் படித்துவிடுவார்கள்)